எலுமிச்சை சோடாவுக்கு வாயுவும் இனிப்பும் எங்கிருந்து வர வேண்டும்?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இதுதான்: பிள்ளைகள் கடைக் குளிர்பானம் கேட்கிறார்கள், அதற்குப் பதிலாக வெள்ளைச் சர்க்கரை சேர்க்காமல், கருப்பட்டியோ தேனோ போட்டு எலுமிச்சை சோடாவும் ஆரஞ்சு சோடாவும் வீட்டிலேயே செய்துகொடுக்க விரும்புகிறீர்கள், ஆப்ப சோடா போட்டுச் செய்து பார்த்ததில் நுரைத்து அடங்கி உப்புக் கரித்தது, ஈஸ்ட் சேர்த்துக் கண்ணாடிப் பாட்டிலில் அடைத்து வைக்கும் முறை ஒன்றைக் காணொளியில் பார்த்துவிட்டு, அது பாதுகாப்பானதா என்று தயங்குகிறீர்கள், ஒரு வாரத்துக்கு வேண்டியதை ஒரே நாளில் செய்து வைக்க முடியுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இதில் உண்மையில் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. வாயுவை எப்படி ஏற்றுவது என்பது ஒன்று, இனிப்பை எதிலிருந்து எடுப்பது என்பது மற்றொன்று. இரண்டையும் ஒரே பாட்டிலுக்குள் ஒரே சமயத்தில் முடிக்கப் பார்ப்பதால்தான் வீட்டு முயற்சிகள் பெரும்பாலும் கெடுகின்றன.

நான் உணவுத் தொழில்நுட்பம் படித்துக் குளிர்பான ஆலையொன்றின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் பல ஆண்டுகள் பணியாற்றியவன். வீட்டிலும் கோடைதோறும் இதைச் செய்துவருகிறேன். அந்தப் பழக்கத்தில் சொல்வதானால், வெறும் நீரில் தனியாக வாயு ஏற்றுங்கள், பழச்சாற்றையும் இனிப்பையும் தனியாக வைத்திருங்கள், குடிக்கும் கிளாஸில் மட்டும் இரண்டையும் சேருங்கள் என்பதே என் பதிலின் சாரம். எந்த இனிப்பைப் போடுகிறோம் என்பதைவிட, பழத்தோலின் மணத்தை எவ்வளவு எடுக்கிறோம் என்பதே இனிப்பைக் குறைக்க உண்மையில் உதவுகிறது. இவற்றுள் எவை ஐயமற்றவை, எவை நாக்குக்கும் பழத்துக்கும் ஏற்ப மாறுபவை என்பதைப் பிரித்தே எழுத முயல்கிறேன்.

முதலில் ஆப்ப சோடா. அது எலுமிச்சையின் சிட்ரிக் அமிலத்தோடு சேரும்போது கரியமில வாயு வெளிவருவது உண்மை. ஆனால் அந்த வாயுவுக்கு விலையாக நாம் புளிப்பைக் கொடுக்கிறோம். ஒரு தேக்கரண்டி ஆப்ப சோடா ஏறத்தாழ 5 கிராம் எடை இருக்கும். அது சுமார் 3.8 கிராம் சிட்ரிக் அமிலத்தைச் செயலற்றதாக்கிவிடும். நம் ஊர் எலுமிச்சையின் சாற்றில் 100 மில்லிக்கு 5 முதல் 7 கிராம் வரை அமிலம் இருக்கும் என்று கொண்டால், மூன்று நான்கு பழங்களின் புளிப்பை ஒரே தேக்கரண்டி விழுங்கிவிடுகிறது. எஞ்சி நிற்பது சோடியம் சிட்ரேட் என்னும் உப்பு. நீங்கள் உணர்ந்த கரிப்பு அதுதான். கால் தேக்கரண்டி போட்டால்கூட ஒரு கிளாஸுக்கு ஊற்றிய ஒரு பழத்தின் புளிப்பு ஏறக்குறைய முழுவதும் போய்விடும். அத்துடன் ஒரு தேக்கரண்டி ஆப்ப சோடாவில் 1.3 கிராமுக்கு மேல் சோடியம் இருக்கிறது. ஒரு பெரியவருக்கு ஒரு நாள் முழுவதற்கும் சோடியம் 2 கிராமைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. ஆகையால் இரத்த அழுத்தம் உள்ளவர்கள் இருக்கும் வீட்டில் இதைப் பழக்கமாக்க வேண்டாம். எப்போதாவது வெயிலில் வந்து ஒரு சிட்டிகை போட்டுக் குடிப்பதை நான் குறை சொல்லவில்லை. அது சோடா ஆகாது என்று மட்டுமே சொல்கிறேன்.

அது ஏன் சோடா ஆகாது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. திறந்த கிளாஸில் இருக்கும் நீர், வாயுவை ஓர் அளவுக்கு மேல் பிடித்து வைக்காது. சாதாரணக் காற்றழுத்தத்தில், முழுக்கவும் கரியமில வாயுவே சூழ்ந்திருந்தாலும், 30 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் நீரில் சுமார் 1.25 கிராம் வாயுதான் கரையும். 5 டிகிரியில் அது 2.8 கிராம் அளவுக்கு உயர்கிறது. கடைச் சோடாவிலோ லிட்டருக்கு 6 முதல் 8 கிராம் வரை இருக்கும். அந்த நிலையை எட்ட இரண்டே வழிகள்: நீரைக் குளிர வைப்பது, மூடிய கலத்தில் அழுத்தம் கொடுப்பது. 1767-இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் ஜோசப் பிரீஸ்ட்லி, மது ஆலையின் நொதிக்கும் தொட்டிகளுக்கு மேல் நின்ற வாயுவில் நீரைப் பிடித்துப் பார்த்துத்தான் இந்த வேலையைத் தொடங்கினார். 1772-இல் அவர் வெளியிட்ட முறையில் சுண்ணாம்புக்கல் தூளும் அமிலமும் ஒரு கலத்தில் இருக்கும். அங்கே உண்டாகும் வாயு மட்டும் குழாய் வழியாக நீர் இருக்கும் வேறொரு கலத்துக்குப் போகும். உப்பு ஒரு பக்கம் நின்றுவிட, வாயு மட்டும் பானத்துக்குள் வர வேண்டும் என்ற அந்த ஒரு யோசனைதான் இன்றைக்கும் சோடாத் தொழிலின் அடிப்படை. வினிகரும் ஆப்ப சோடாவும் வைத்து இரண்டு பாட்டில்களைக் குழாயால் இணைத்து இதையே வீட்டில் செய்வோரும் உண்டு. கோட்பாடு சரிதான், ஆனால் மிகை அழுத்தத்தை வெளியேற்றும் வால்வு இல்லாத மூடிய அமைப்பைப் பிள்ளைகள் நடமாடும் சமையலறையில் வைக்க நான் சம்மதிக்க மாட்டேன். உலர்பனிக்கட்டியை, அதாவது உறைந்த கரியமில வாயுவை, மூடிய பாட்டிலுக்குள் போடுவது அதைவிடப் பல மடங்கு ஆபத்தானது. அதை எந்த நிலையிலும் செய்யக் கூடாது.

நடைமுறையில் உங்களுக்கு மூன்று வழிகள் இருக்கின்றன. எல்லாவற்றிலும் எளியது, இனிப்பில்லாத வெறும் சோடாவைக் கடையில் வாங்கிக்கொள்வது. இனிப்பும் பழமும் உங்கள் கையில் இருக்கும்போது, வாயு ஏற்றிய நீரை மட்டும் வெளியிலிருந்து வாங்குவதில் எந்தக் குறையும் இல்லை. லேபிளை மட்டும் படித்துப் பாருங்கள், சில தயாரிப்புகளில் சோடியம் உப்புகள் சேர்த்திருப்பார்கள். இரண்டாவது, 8 கிராம் கரியமில வாயு அடைத்த சிறு குப்பிகளைக் கொண்டு இயங்கும் சோடா சைஃபன் என்னும் அழுத்தக் குடுவை. ஒரு லிட்டர் நீருக்கு ஒரு குப்பி போதும். கிரீம் அடிக்க விற்கும் குப்பிகளும் பார்வைக்கு இதுபோலவே இருக்கும், ஆனால் அவற்றில் இருப்பது நைட்ரஸ் ஆக்சைடு, மாற்றி வாங்கிவிடாதீர்கள். மூன்றாவது, சிலிண்டர் பொருத்திய வீட்டுச் சோடா இயந்திரம். அடிக்கடி செய்வதென்றால் இதுவே நல்லது. சிலிண்டரை நிரப்பும்போது உணவுத் தர வாயுதானா என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். வெல்டிங் வேலைக்கென்று விற்கும் வாயு இதற்கு உதவாது. எந்தக் கருவியானாலும் வெறும் நீரில் மட்டுமே வாயு ஏற்றுங்கள். சாற்றையோ பாகையோ உள்ளே ஊற்றினால் நுரை பொங்கி வழியும், வால்வில் ஒட்டிக்கொண்டு கருவியையும் கெடுக்கும்.

நீரைப் பற்றி இரண்டு குறிப்புகள். கொதிக்க வைத்து ஆற்றிய நீரில் முன்பே கரைந்திருந்த காற்று பெருமளவு வெளியேறியிருக்கும். அப்படிப்பட்ட நீர் வாயுவை நன்றாக ஏற்றுக்கொண்டு, திறந்த பிறகும் விடாமல் வைத்திருக்கும். ஆலைகளில் இதற்கென்றே காற்று நீக்கும் கருவி இருக்கிறது. கொதிக்க வைக்கும்போது குழாய் நீரின் குளோரின் வாசனையும் போய்விடும் என்பது கூடுதல் நன்மை. ஆற்றிய நீரை ஓர் இரவு முழுவதும் ஃபிரிட்ஜில் வைத்து, பல் கூசும் அளவுக்குக் குளிர்ந்த பின்தான் வாயு ஏற்ற வேண்டும். வீட்டுச் சோடா சப்பென்று இருப்பதாகக் குறை சொல்பவர்களிடம் கேட்டால், பெரும்பாலும் நீர் போதிய அளவு குளிரவில்லை என்பதுதான் காரணமாக இருக்கும்.

இனி ஈஸ்ட் முறை. இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் ஆபத்து இங்கேதான் இருக்கிறது. ஈஸ்ட் சர்க்கரையை உண்டு, எடையில் ஏறக்குறையப் பாதியைக் கரியமில வாயுவாகவும் மறுபாதியை ஆல்கஹாலாகவும் மாற்றுகிறது. லிட்டருக்கு 12 கிராம் சர்க்கரை நொதித்தாலே 6 கிராம் வாயு கிடைத்துவிடும். நல்ல சோடாவுக்கு அது போதும். ஆனால் பானம் இனிக்க வேண்டும் என்பதற்காக லிட்டருக்கு 80 கிராம் போட்டிருப்போம். ஈஸ்டுக்கு எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரியாது. மூடிய பாட்டிலில் அது தொடர்ந்து உண்டுகொண்டே போனால், நீரின் பருமனைப் போல 20 மடங்கு வாயு உண்டாக இடம் இருக்கிறது. எந்தக் கண்ணாடிப் பாட்டிலும் அந்த அழுத்தத்தைத் தாங்காது. நம் கோடையில் அறை வெப்பம் 32, 35 டிகிரி இருக்கும்போது, குளிர்நாட்டுக் குறிப்புகளில் மூன்று நாள் என்று எழுதியிருப்பது இங்கே ஒரே இரவில் நடந்துவிடும். கண்ணாடி வெடித்தால் தெறிக்கும் சில்லுகள் கண்ணைப் பறித்துவிடக்கூடும். ஆகவே கண்ணாடிப் பாட்டில் வேண்டவே வேண்டாம் என்பதை நான் ஐயமின்றிச் சொல்கிறேன். ஃபிரிட்ஜில் வைத்துவிட்டால் நொதித்தல் நின்றுவிடும் என்று சிலர் எழுதுகிறார்கள். அது மெதுவாகுமே தவிர நிற்காது.

ஈஸ்ட் முறையையே விரும்புபவர்கள் குளிர்பானம் வந்த பிளாஸ்டிக் பாட்டிலைக் கழுவிப் பயன்படுத்த வேண்டும். கைவிரலால் அழுத்திப் பார்த்து, பாட்டில் கல்போல இறுகியதும் உடனே குளிரில் வைத்து ஓரிரு நாளில் குடித்து முடிக்க வேண்டும். இதில் ஒரு நல்ல தந்திரமும் உண்டு. சீனித்துளசியின் (ஸ்டீவியா) இனிப்பை ஈஸ்டால் உண்ண முடியாது. எனவே எலுமிச்சை பானத்தில் லிட்டருக்கு 10, 12 கிராம் மட்டும் பனங்கற்கண்டு போட்டு, மீதி இனிப்பைச் சீனித்துளசிச் சாரத்தால் கொடுத்தால், உண்பதற்குச் சர்க்கரை தீர்ந்ததும் வாயு உண்டாவதும் தானே நின்றுவிடும். எலுமிச்சைச் சாற்றில் இயல்பாக உள்ள சர்க்கரை மிகக் குறைவு என்பதால்தான் இது கைகூடுகிறது. ஆரஞ்சுச் சாற்றில் 100 மில்லிக்கு 8 முதல் 10 கிராம் சர்க்கரை பழத்திலேயே இருப்பதால் அங்கே இந்தத் தந்திரம் செல்லாது. ஆனால் ஆல்கஹாலைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 6 கிராம் வாயு உண்டானால் ஏறக்குறைய அதே அளவு ஆல்கஹாலும் உண்டாகும். பருமன் கணக்கில் அது 0.8 சதவீதத்தை ஒட்டி வரும். இந்திய உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி 0.5 சதவீதத்துக்கு மேல் போனாலே அது மதுபான வகையில் சேர்கிறது. வீட்டில் இதை அளந்து பார்க்க எளிய வழி இல்லை. பிள்ளைகளுக்காகச் செய்யும் பானத்துக்கு இந்த முறையை நான் பரிந்துரைக்காததற்கு முதன்மையான காரணம் இதுதான். கருவுற்றவர்களுக்கும், சமய நெறிப்படி மதுவைத் தவிர்ப்பவர்களுக்கும் இது பொருந்தாது. இஞ்சியையும் சர்க்கரையையும் ஊறவைத்துத் தானாக நொதிக்க விடும் முறைக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். அதில் எந்த நுண்ணுயிர் எவ்வளவு வேலை செய்கிறது என்பது வீட்டுக்கு வீடு மாறும் என்பதால் கணக்கிடுவது இன்னும் கடினம்.

இப்போது இனிப்புக்கு வருவோம். கருப்பட்டி, பனங்கற்கண்டு, வெல்லம், நாட்டுச் சர்க்கரை ஆகிய நான்கிலும் பெரும்பகுதி சுக்ரோஸ்தான். வெள்ளைச் சர்க்கரையில் இருப்பதும் அதுவே. தேனில் சுமார் 38 சதவீதம் ஃபிரக்டோஸ், 31 சதவீதம் குளுக்கோஸ், 17 சதவீதம் நீர். கருப்பட்டியிலும் வெல்லத்திலும் தாது உப்புகள் இருக்கின்றன என்பது உண்மைதான். ஆனால் ஒரு கிளாஸ் சோடாவில் சேரும் சுமார் 17 கிராமிலிருந்து உடலுக்குக் கிடைப்பது சிறிதளவே. ஆகையால் வெள்ளைச் சர்க்கரையை விட்டுக் கருப்பட்டிக்கு மாறியதால் மட்டும் பானம் நீரிழிவுக்கு ஏற்றதாகிவிடாது. உலக சுகாதார நிறுவனம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், சேர்க்கும் சர்க்கரையோடு தேன், பாகு, பழச்சாறு ஆகியவற்றில் உள்ள சர்க்கரையையும் ஒரே கணக்கில் சேர்த்து, அந்த மொத்தம் நாள்தோறும் உண்ணும் கலோரியில் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், 5 சதவீதத்துக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்கிறது. பெரியவர் ஒருவருக்கு அந்த 5 சதவீதம் ஏறத்தாழ 25 கிராம். பெரும்பாலான கடைக் குளிர்பானங்களில் 250 மில்லி கிளாஸ் ஒன்றிலேயே அந்த அளவு வந்துவிடும். வீட்டில் செய்வதால் கிடைக்கும் உண்மையான ஆதாயம், அதை ஏறத்தாழ 17 கிராமுக்கோ அதற்கும் கீழோ கொண்டுவர முடியும் என்பதே. நான் மருத்துவன் அல்லன். வீட்டில் நீரிழிவு உள்ளவர்கள் இருந்தால் அளவை அவர்களுடைய மருத்துவரிடமே கேட்க வேண்டும்.

சுவையின் அடிப்படையில் பார்த்தால் இவற்றுக்குள் வேறுபாடு பெரியது. எலுமிச்சையின் மணத்துக்கு இடம் கொடுத்து ஒதுங்கி நிற்பது பனங்கற்கண்டு ஒன்றுதான். என் முதல் தேர்வு அதுவே. கருப்பட்டியின் புகைந்த மணமும் மண்வாசனையும் எலுமிச்சையை அமுக்கிவிடும். கருப்பட்டியைத்தான் போட வேண்டுமென்றால் சுக்கும் ஏலமும் சேர்த்துப் பானகத்தின் பக்கம் கொண்டுபோய்விடுங்கள், அப்போது அது தனிச்சுவையாக நிற்கும். நாரத்தைச் சாற்றோடும் நன்றாகப் பொருந்தும். பதநீரில் சுண்ணாம்பு சேர்ப்பதால் கருப்பட்டியில் சிறிது காரத்தன்மை தங்கியிருக்கலாம், ஆகவே புளிப்பைக் கொஞ்சம் கூட்ட வேண்டிவரும். கருப்பட்டிக் கரைசலைத் துணியில் இரண்டு முறை வடிகட்டுங்கள். மண்ணுக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. நுண்ணிய துகள் ஒவ்வொன்றும் வாயுக் குமிழ் உருவாகும் இடமாகி, சோடா ஊற்றியதுமே பொங்கச் செய்து வாயுவைக் காலி செய்துவிடும். தேன் ஆரஞ்சுக்கு நன்றாகப் பொருந்துகிறது. ஃபிரக்டோஸ் குளிர்ச்சியில் கூடுதலாக இனிக்கும் இயல்புடையது என்பதால் தேனைச் சற்றுக் குறைத்தே ஊற்றலாம். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் எந்த வடிவிலும் கொடுக்கக் கூடாது. அதில் இருக்கக்கூடிய பாட்டுலிசக் கிருமியின் வித்துகள் கைக்குழந்தையின் குடலில் நஞ்சை உண்டாக்கிவிடும். பனங்கற்கண்டிலும் கருப்பட்டியிலும் சர்க்கரைக் கலப்படம் பரவலாக இருக்கிறது. வீட்டில் அதைக் கண்டுபிடிக்கச் சொல்லப்படும் சோதனைகளை நான் நம்புவதில்லை, தெரிந்த இடத்தில் வாங்குவது ஒன்றே வழி. சீனித்துளசிச் சாரம் சர்க்கரையைவிட 200 முதல் 300 மடங்கு இனிப்பானது, கடைசியில் நாக்கில் ஒரு கசப்பு தங்கும். இனிப்பு முழுவதையும் அதிலேயே கொடுக்காமல் பாதியைப் பனங்கற்கண்டாக வைத்தால் அந்தக் கசப்பு பெரும்பாலும் மறைந்துவிடுகிறது.

இனிப்பைக் குறைத்தும் பானம் நிறைவாக இருக்க வேண்டுமானால் தோலுக்குத்தான் போக வேண்டும். எலுமிச்சை, ஆரஞ்சு, நாரத்தை எதுவானாலும் அதன் மணம் சாற்றில் இல்லை, மேல்தோலில் உள்ள எண்ணெய்ப் பைகளில் இருக்கிறது. ஆரஞ்சுத் தோல் எண்ணெயில் 90 சதவீதத்துக்கு மேல் லிமோனின் என்ற பொருள். எலுமிச்சைக்கு அதன் முகத்தைக் கொடுப்பது சிட்ரால். இந்த எண்ணெய் நீரில் கரையாது. ஆனால் பனங்கற்கண்டுப் பொடியோடு தோலைப் பிசைந்து வைத்தால், படிகங்களின் கூர்மை பைகளைக் கிழித்துவிட, பொடி எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும். பச்சை அல்லது மஞ்சள் மேல்தோலை மட்டும் மெல்லச் சீவுங்கள். அதற்கு அடியில் உள்ள வெள்ளைப் பகுதி கசக்கும். வெளிநாட்டு ஆரஞ்சுகளில் மெழுகு பூசியிருப்பார்கள், வெதுவெதுப்பான நீரில் தேய்த்துக் கழுவ வேண்டும். சோடாவில் இந்தத் தோல் மணத்துக்குத் தனி வலிமை உண்டு: மேலே எழும் ஒவ்வொரு குமிழும் வெடிக்கும்போது மணத்தை மூக்குவரை கொண்டுவந்து விடுகிறது. அதனால் இனிப்பு குறைந்திருப்பதை நாக்கு அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை. நாரத்தை இலையோ எலுமிச்சை இலையோ இரண்டைக் கசக்கி இந்தப் பொடியோடு போட்டால், நீர்மோரில் வருமே அந்த மணம் சோடாவிலும் வரும்.

12 கிளாஸ் எலுமிச்சை சோடாவுக்கு நான் பின்பற்றும் அளவைச் சொல்கிறேன். 200 கிராம் பனங்கற்கண்டை மிக்ஸியில் பொடித்து, 5, 6 எலுமிச்சையின் சீவிய தோலோடு சேர்த்து நன்றாக அழுத்திப் பிசைந்து, மூடி மூன்று நான்கு மணி நேரம் வையுங்கள். பொடி ஈரமாகி, அறை முழுக்க மணக்கத் தொடங்கும். பிறகு 150 மில்லி வெதுவெதுப்பான நீரை ஊற்றிக் கரைத்து வடிகட்டினால் மணப்பாகு தயார். இதைக் கொதிக்க வைக்கக் கூடாது, மணம் ஆவியாகிவிடும். சாற்றை இதில் கலக்காமல் தனியே பிழிந்து, சக்கை இல்லாமல் வடிகட்டி வையுங்கள். 250 மில்லி கிளாஸ் ஒன்றுக்கு 15 முதல் 20 மில்லி சாறு, 23 மில்லி அளவு பாகு, ஒரு சிட்டிகை உப்பு. உப்பு கசப்பை அடக்கி இனிப்பை எடுத்துக்காட்டும் என்பதால் அதை விட்டுவிடாதீர்கள். கிளாஸில் முதலில் இவை, பிறகு சாய்த்துப் பிடித்த கிளாஸின் ஓரமாகக் குளிர்ந்த சோடா, நீண்ட கரண்டியால் அடியிலிருந்து ஒரே ஒரு கலக்கு. பொடித்த பனிக்கட்டி வாயுவை விரட்டிவிடும்; நீரில் ஒருமுறை நனைத்தெடுத்த பெரிய கட்டிகளைப் போடுங்கள். ருசி பார்ப்பதைச் சோடா ஊற்றிக் குளிர்ந்த நிலையிலேயே செய்ய வேண்டும்: குளிர்ச்சி இனிப்பை மங்கவைக்கும், கரைந்த வாயு புளிப்பைக் கூட்டும். வெதுவெதுப்பான பாகை மட்டும் சுவைத்துவிட்டு எடுக்கும் முடிவு எப்போதும் தவறாகவே அமையும். இந்த அளவுகளை அப்படியே பிடித்துக்கொள்ளவும் வேண்டாம். கோடையில் புளியங்குடிச் சந்தையிலிருந்து வரும் பழத்துக்கும் மழைக்காலத்தில் வரும் பழத்துக்கும் சாறும் புளிப்பும் வெவ்வேறு; எந்தச் செய்முறைக் குறிப்பும் அந்த வேறுபாட்டை முன்கூட்டிச் சொல்லிவிட முடியாது.

ஆரஞ்சு சோடா சற்றுக் கடினம். எலுமிச்சையைப் போல 20 மில்லி சாற்றில் சுவை வந்துவிடாது. சாற்றைக் கூட்டினால் சோடா நீர்த்து வாயு குறைந்துபோகும். ஆகவே சாற்றைச் செறிவாக்க வேண்டும். அடுப்பில் சுண்டவைத்தால் வெந்த வாசனை வந்துவிடுகிறது. நான் விரும்புவது உறையவைக்கும் முறை. சக்கை நீக்கிய கமலா ஆரஞ்சுச் சாற்றைப் பிளாஸ்டிக் பாட்டிலில், விரிவதற்கு இடம் விட்டு ஊற்றி, ஃபிரீசரில் முழுவதும் உறையவைத்து, பிறகு மூடியைக் கழற்றிப் பாட்டிலை ஒரு பாத்திரத்தின் மேல் கவிழ்த்து வையுங்கள். சர்க்கரையும் அமிலமும் கலந்த பகுதி முதலில் உருகி வடியும், தூய நீர்ப் பனி உள்ளே நிற்கும். முதலில் வடியும் பாதியில் சர்க்கரையின் பெரும்பகுதி வந்துவிடும். வெளுத்த நிறத்தில் வடியத் தொடங்கியதும் நிறுத்திவிடலாம். ஒரு கிளாஸுக்கு இப்படிக் கிடைத்ததில் 80 மில்லி, சீவிய ஆரஞ்சுத் தோலை ஊறவைத்து மணம் ஏற்றிய தேன் ஒரு சிறு கரண்டி, ஒரு தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு, மீதி சோடா. வேறு சர்க்கரை தேவைப்படாது. எலுமிச்சையைத் தவிர்க்காதீர்கள், ஆரஞ்சின் புளிப்பு மட்டும் சோடாவில் எடுபடாது.

சாத்துக்குடியை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். பிழிந்தவுடன் இனிப்பாக இருக்கும் சாறு சில மணி நேரத்தில் கசந்துவிடும். பழத்தில் சுவையற்ற வடிவில் இருக்கும் ஒரு பொருள், சாற்றின் அமிலத்தில் மெல்ல லிமோனின் என்றே தமிழில் எழுத நேரும் வேறொரு கசப்புப் பொருளாக மாறுவதே காரணம். முன்னே சொன்ன தோல் எண்ணெயின் லிமோனினுக்கும் இதற்கும் தொடர்பில்லை. சூடாக்கினால் இந்த மாற்றம் விரைவாகும். சாத்துக்குடிதான் கிடைக்கிறது என்றால் பிழிந்த உடனேயே சோடா கலந்து குடித்துவிட வேண்டும். பம்பளிமாஸ் சோடா சுவையாகவே இருக்கும், ஆனால் அதுவும் கிரேப்ஃபுரூட்டும் கொழுப்பைக் குறைக்கும் சில மாத்திரைகளின் அளவையும் இரத்த அழுத்த மாத்திரைகள் சிலவற்றின் அளவையும் இரத்தத்தில் கூட்டிவிடக்கூடியவை. அத்தகைய மருந்து எடுக்கும் பெரியவர்கள் வீட்டில் இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் கொடுக்க வேண்டாம்.

பாத்திரங்கள் எவர்சில்வரோ கண்ணாடியோ ஆக இருக்கட்டும். பித்தளை, செம்பு, அலுமினியம் ஆகியவற்றை எலுமிச்சை அமிலம் அரிக்கும். கரியமில வாயு கலந்த நீரும் செம்பைக் கரைத்தெடுக்கும் தன்மை கொண்டது. நிறைய எலுமிச்சை பிழிந்த கையோடு வெயிலில் போகாதீர்கள், குறிப்பாகப் பிள்ளைகள். பச்சை எலுமிச்சைத் தோலில் உள்ள சில பொருள்கள் வெயில் பட்டால் தோலில் கொப்புளத்தையும் பல வாரங்கள் மறையாத கருமையையும் உண்டாக்கும். சோப்புப் போட்டுக் கழுவினால் போதும். இந்தப் பானங்கள் எல்லாமே பல்லின் எனாமலை மென்மையாக்கும் அளவுக்குப் புளிப்பானவை என்பதால், நாள் முழுக்க உறிஞ்சிக்கொண்டிருக்காமல் சாப்பாட்டோடு ஒரே முறையாகக் குடித்துவிட்டு வாயைக் கொப்பளிப்பது நல்லது. குடித்த உடனே பல் துலக்க வேண்டாம்.

கடைசியாக, ஒரு வாரத்துக்குச் செய்து வைப்பது பற்றி. கலந்த சோடாவாக வைக்க முடியாது. வைத்தால் வாயுவும் போகும், எலுமிச்சையின் சிட்ரால் அமிலத்தில் சிதைந்து பழைய வாசனையும் வரும். சாறு சேர்க்காத மணப்பாகைக் கொதிநீரில் அலசிய பாட்டிலில் ஊற்றி ஃபிரிட்ஜில் வைத்தால் இரண்டு வாரம் வரை நன்றாக இருக்கும். எலுமிச்சைச் சாற்றை ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைத்து, கட்டிகளை மூடிய டப்பாவில் போட்டு ஃபிரீசரில் வைத்தால் ஒரு மாதத்துக்கும் மேல் தாங்கும். பெரும்பாலான தட்டுகளில் ஒரு கட்டி ஒரு கிளாஸுக்கான அளவாகவே அமைந்துவிடுகிறது. பாகின் இவ்வளவு இனிப்பிலும் சாற்றின் இவ்வளவு புளிப்பிலும் நோய்க்கிருமிகள் பெருகுவது அரிது, ஆனால் ஈஸ்டும் பூஞ்சையும் இவற்றுக்கு அஞ்சுவதில்லை. ஆகவே பாகில் குமிழ் கட்டினாலோ, மூடியைத் திறக்கும்போது வாயு சீறினாலோ, மது வாடை அடித்தாலோ சுவைத்துப் பார்க்காமல் கொட்டிவிடுங்கள். பிள்ளைகள் வெளியே எடுத்துப்போக வேண்டுமானால் சிறு பாட்டிலில் பாகும் சாறும், இன்னொன்றில் மூடி திறக்காத வெறும் சோடாவுமாகக் கொடுத்தனுப்பி, குடிக்கும் இடத்தில் கலந்துகொள்ளச் சொல்லுங்கள்.